உடையா, வேடமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, பொங்கல் விழாவையொட்டி மும்பையில் தமிழர் அமைப்பொன்று சிறுமியர்க்கு மரபுடைப் போட்டி ஒன்றை நடத்திற்று. பதினான்கு வயது நிரம்பிய என் பெயர்த்தி அதில் கலந்துகொள்ள விரும்பினாள். என் தாயார் விட்டுச்சென்ற கண்டாங்கிச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பின்கொசுவம் வைத்து, அம்மா உடுத்திய முறை மாறாமல் நானே அவளுக்கு உடுத்தி அனுப்பினேன். செங்கல் நிற உடல், மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. பதினாறு முழம் துணியையும் அவள் தடுமாற்றமின்றித் தாங்கி நடந்தாள்.

நடுவர்களுள் ஒருவர் அவளைப் பார்த்து மகிழ்ந்தார். மனமாரப் பாராட்டவும் செய்தார். பிறகு, "கிராமத்துப் பெண் வேடம் மிக நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் இது மாறுவேடப் போட்டிக்கு உரியது. மரபுடைப் போட்டிக்குப் புடவை உடுத்தி வரவேண்டும்," என்றார். பட்டியலில் அவள் பெயர் ஒரு பிரிவிலிருந்து அடித்து மற்றொரு பிரிவில் எழுதப்பட்டது. மாறுவேடத்தில் அவளுக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது. முதற் பரிசு ஔவையாராக வந்த குழந்தைக்கு.

வீடு திரும்பும் வழியில் என் பெயர்த்தி கேட்டாள்: "பாட்டி, கொள்ளுப்பாட்டி தினமும் வேடமா போட்டுக்கிட்டு இருந்தாங்க?"

அந்தக் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த நடுவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர் கூறியது அவர் ஒருவரின் கருத்தும் அன்று. நம்மில் பெரும்பாலோர் உள்ளத்தில் ஆராயப்படாமல் கிடக்கும் கருத்து. புடவை என்றால் ஆறு கஜம், முன்புறம் கொசுவம், இடத்தோளில் முந்தானை. அதுவே பாரத நாட்டின் தொன்மையான பொதுவுடை. ஏனையவெல்லாம் பட்டிக்காட்டு வழக்கு, அல்லது மேடைக்கும் சடங்குக்கும் உரிய வேடம். இம்மூன்று எண்ணங்களும் பிழையானவை. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பொதுவுடை வந்த வழி

முன்கொசுவமும் இடத்தோள் முந்தானையுமாக உடுத்தும் முறையை ஆடை ஆராய்ச்சியாளர் 'நீவி' என்பர். நீவி என்ற வடசொல் இடையில் இடும் முடிச்சைக் குறிக்கும். தக்காணப் பகுதியில், சிறப்பாக ஆந்திரத்தில், வழங்கிய கட்டு அது. தன்னளவில் அழகும் பயனும் உடையதே. ஆனால் இன்று உள்பாவாடையின் நாடாவில் செருகி, தைத்த இரவிக்கையின் மேல் முந்தானையைப் போட்டு, நாடு முழுவதும் பெண்கள் உடுத்தும் அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது.

அது உருப்பெற்ற வரலாற்றில் நாம் வாழும் இம்மும்பை மாநகருக்கும் பங்குண்டு. இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றிபெற்ற முதல் இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர். கவியரசர் இரவீந்திரரின் அண்ணன். அவர் பணியேற்று 1860-களில் பம்பாய் மாகாணத்திற்கு வந்தபோது அவருடைய மனைவி ஞானதானந்தினி தேவியும் உடன் வந்தார். வங்காளத்தில் அக்காலத்துப் பெண்கள் இரவிக்கையோ உள்ளாடையோ இன்றி ஒற்றைப் புடவையைச் சுற்றி உடுத்தினர். அது வீட்டின் உட்கட்டுக்கு ஏற்றதாக இருந்ததேயன்றி, வெளியிடங்களுக்கும் விருந்துகளுக்கும் செல்ல ஏற்றதாக இல்லை. பம்பாயில் பார்சிப் பெண்டிர் உடுத்திய முறையை அம்மையார் கண்டார், அதைக் கற்றார், சில மாற்றங்கள் செய்தார். முந்தானையை இடத்தோளில் அமைத்ததும் அம்மாற்றங்களுள் ஒன்று. வலக்கை தடையின்றி இயங்குவதற்காக அவ்வாறு செய்தார் என்பர். வங்கம் திரும்பியபின் வாமாபோதினி என்னும் பத்திரிகை வாயிலாக அறிவித்து, விரும்பிய பெண்களுக்குக் கற்பிக்கவும் முன்வந்தார். பிரம்ம சமாஜக் குடும்பங்கள் மேற்கொண்டமையால் அதற்குப் 'பிரம்மிகா' கட்டு என்ற பெயரும் ஏற்பட்டது.

அடுத்து வந்தவர் ஓவியர் இரவிவர்மா. 1894-இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த இலக்குமி, கலைமகள் படங்கள் ஏழை செல்வர் வேறுபாடின்றி இல்லந்தோறும் சுவரில் ஏறின. அப்படங்களில் தேவியர் முன்கொசுவம் வைத்துப் புடவை உடுத்தியிருந்தனர். நாள்தோறும் விளக்கேற்றி வணங்கும் தெய்வம் எவ்வாறு உடுத்தியிருக்கிறதோ அதுவே தொன்மையான முறை என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. இத்தனைக்கும் அந்த ஓவியர் பன்மையை அறியாதவர் அல்லர். 1889-இல் அவர் தீட்டிய 'இசைவாணியர் குழு' என்னும் ஓவியத்தில் பதினொரு பெண்கள் இருக்கின்றனர். பல வட்டாரங்களின், பல சமூகங்களின் உடையில் இருக்கின்றனர். ஆயினும் அந்த ஓவியம் மைசூர் அரண்மனைச் சுவரில் தங்கிவிட்டது. அச்சடித்த இலக்குமியோ அடுக்களை வரை வந்துவிட்டாள். பின்னர் பள்ளிகளும் அலுவலகங்களும் திரைப்படமும் அவ்வொரு கட்டையே பரப்பின.

இதனால் பெறப்படுவது என்ன? 'தொன்மையான இந்தியப் புடவை' என்று நாம் போற்றும் கட்டு, ஒரு வட்டாரத்து வழக்கை அடியாகக் கொண்டு, வங்க மாதரசி ஒருவரின் அறிவாலும் பார்சி மகளிரின் முன்மாதிரியாலும் அச்சகத்தின் வலிமையாலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பரவிய ஒன்று. அதில் இழிவு ஏதுமில்லை. புதியதாயினும் நல்லது நல்லதே. ஆனால் புதியதைத் தொன்மை என்று பெயரிட்டு, அதனினும் முன்பே வழங்கியதை வேடம் என்று ஒதுக்குவது முறையாகுமா?

நாட்டுக்கு ஒரு கட்டு

புடவை என்பது தைக்கப்படாத துணி. தையற்காரன் செய்யும் வேலையை உடுத்துபவளின் கைகளே செய்கின்றன. நட்புக்கு உவமை தேடிய வள்ளுவர், அவையிடத்தே ஆடை நழுவியவனுக்கு விரைந்துதவும் அவன் கையை நினைத்தாரே, தைத்த சட்டை அணியும் நாட்டில் பிறந்திருந்தால் அந்த உவமை அவருக்குத் தோன்றியிருக்குமா? முடிச்சாலும் செருகலாலும் நிற்கும் உடையை அணிந்த மக்களிடையே பிறந்த உவமை அது. எனவே புடவையின் சிறப்பில் நெய்தவன் பங்கு பாதி. உடுத்துபவள் பங்கு மறுபாதி. அந்த மறுபாதியைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் சாந்தால் புலாஞ்சே, புடவை உடுத்தும் முறைகளைப் படங்களோடு விளக்கி 1997-இல் ஒரு நூல் வெளியிட்டார். இருதா கபூர் சிஷ்டி 2010-இல் வெளியிட்ட நூலில் 108 முறைகள் பதிவாகியுள்ளன. நூற்றெட்டு! நாமோ ஒன்றைத் தவிர மற்றவற்றை மறந்துவிட்டோம்.

வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அண்டை வீட்டாரையே நோக்குவோம். மராட்டியப் பெண்கள் ஒன்பது கஜத்தைக் கச்சமாகக் கால்களுக்கிடையே கொணர்ந்து பின்புறம் செருகுகின்றனர். குஜராத்தியர் முந்தானையைப் பின்னிருந்து வலத்தோள் வழியாக முன்னே கொணர்ந்து மார்பின்மேல் விரிக்கின்றனர். அவர்தம் முந்தானை வேலைப்பாடு காண்பவர் கண்முன்னே நிற்கிறது. வங்காளத்தின் பழைய கட்டில் கொசுவமே இல்லை. அகன்ற மடிப்புகளே உண்டு. முந்தானை முனையில் சாவிக் கொத்து தொங்கும். அசாமில் மேகலா சாதர் என்றும், கேரளத்தில் முண்டும் நேரியதும் என்றும் இரு துண்டுகளாக உடுத்துவர்.

குடகு நாட்டுப் பெண்கள் கொசுவத்தைப் பின்னே வைத்து உடுத்துகின்றனர். அதற்கு அவர்கள் ஒரு கதை கூறுவர். காவிரி ஆறாகப் பெருகி ஓடியபோது, தடுக்க நின்ற பெண்களின் சேலைக் கொசுவங்களை வெள்ளம் பின்னுக்குத் தள்ளிவிட்டதாம். கதைதான். எனினும் அக்காவிரி பாயும் நம் தமிழ்நாட்டிலும் பெண்கள் பின்கொசுவம் வைத்தே உடுத்தினர் என்பதை எண்ணும்போது அக்கதை நமக்கும் இனிக்கிறது.

இனி நம்முடையதற்கு வருவோம். பின்கொசுவக் கட்டு வட்டாரந்தோறும் சிறிது சிறிது மாறுபடும். என் தாயார் உடுத்தியதைக் கூறுகிறேன். முதலில் துணியின் உள்தலைப்பைக் கொசுவி, அதைப் பின்னிடுப்பில் அமர்த்துவார். எஞ்சிய துணியை உடலைச் சுற்றிக் கொணர்ந்து அக்கொசுவத்தை இறுக்குவார். முந்தானையைத் தோள்மேல் ஏற்றி, முனையை மீண்டும் கொணர்ந்து இடுப்பில் செருகுவார். கொசுவத்தின் மேல்விளிம்பு விசிறிபோல் வெளியே மலர்ந்து நிற்கும். உள்பாவாடை வேண்டுவதில்லை, ஓர் ஊசியும் வேண்டுவதில்லை. சேலை கணுக்காலுக்கு மேலே நிற்குமாதலால் நடை தடுக்காது. முன்புறம் தட்டையாக இருப்பதால் குனிந்து நாற்று நடவும், அம்மியில் அரைக்கவும், இடுப்பில் குடம் ஏந்தவும் இடையூறில்லை. உழைக்கும் பெண்களின் அறிவு கண்டுபிடித்த உடை அது.

இதுவொன்றே தமிழர் கட்டு என்று நான் கூறவில்லை. பதினெட்டு முழத்து மடிசாரும் தமிழர் கட்டே; அதிலும் ஐயர் இல்லத்தில் வலத்தோள், ஐயங்கார் இல்லத்தில் இடத்தோள் என்ற வேறுபாடு உண்டு. நீலகிரியில் படகப் பெண்களின் வெண்ணிற ஆடை வேறு. பன்மைதான் நம் மரபு. ஒரு கட்டை மரபென்று ஏற்றி மற்றொன்றை மாறுவேடம் என்று இறக்கும்போதுதான் மரபு கெடுகிறது.

முழக்கணக்கும் தறியும்

கட்டு மறைந்தால் மறைவது பழக்கம் மட்டுமன்று, தறியும் மாறுகிறது. இதனை நம்மில் பலர் உணர்வதில்லை.

ஒரு கஜம் இரண்டு முழம். நம் பாட்டிமார் புடவையை முழக்கணக்கில்தான் பேசினர்: பதினாறு முழம், பதினெட்டு முழம். அந்த அளவுகள் தறிகாரன் விருப்பத்தால் வந்தவை அல்ல. கட்டு கேட்ட அளவுகள். பின்கொசுவத்திற்கு இவ்வளவு, மடிசாருக்கு இவ்வளவு என்று உடுத்துபவள் கேட்டாள், நெய்பவன் நெய்தான். முன்கொசுவம் பரவியதும் பன்னிரண்டு முழம் போதுமென்றாயிற்று. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் இன்று கடையில் விற்கும் கண்டாங்கி பெரும்பாலும் ஐந்தரை மீட்டர். பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது, அளவு குறைந்துவிட்டது. அந்த ஐந்தரை மீட்டரைக் கொண்டு கண்டாங்கிக்குரிய கட்டை முறையாக உடுத்த முயன்று பாருங்கள்; துணி போதாது. பூட்டுக்குப் பெயர் வாங்கிவிட்டு, சாவியைத் தொலைத்தவர் நிலையில் இருக்கிறோம்.

அளவு மட்டுமன்று, அமைப்பும் மாறிற்று. பின்கொசுவத்தில் உள்தலைப்பும் வெளியே தெரியும். விசிறியாக விரிவது அதுதானே? முன்கொசுவத்தில் அத்தலைப்பு உள்ளே மறைந்துவிடுகிறது. ஆகவே நெசவின் சிறப்பெல்லாம் முதுகில் தொங்கும் முந்தானைக்கே சென்றது. அங்கே சரிகையைக் கொட்டுவது வழக்கமாயிற்று. கண்டாங்கியின் அகன்ற கரைக்கும் அழுத்தமான கட்டத்திற்கும் பொருள் என்ன? சுற்றும் செருகலுமாக உடல் முழுவதும் துணி திரும்பித் திரும்பி வரும்போது கரையும் கட்டமும் ஒன்றையொன்று வெட்டி அழகுசெய்யும். தட்டையாகத் தொங்கவிட்டால் அந்த அழகில் பாதி போய்விடும். போன பின், "கண்டாங்கி என்ன, முரட்டுத் துணிதானே!" என்று நாமே கூறிவிடுகிறோம்.

காஞ்சிப் பட்டிற்கு இத்தகைய தாழ்வு நேரவில்லை, அதனைப் போற்றுகிறோம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு இருவர் அமர்ந்து கோர்வை போட்டு நெய்யும் அந்த உழைப்புப் போற்றத்தக்கதே. ஆனால் தமிழ்நாட்டு நெசவென்றால் காஞ்சி ஒன்றுதானா? பட்டும் பருத்தியும் கலந்து நெய்து, மணக்கோலத்திற்கே பெயர் தந்த மயிலாடுதுறைக் கூறைநாடு எங்கே? மதுரைச் சுங்குடி எங்கே? சுங்குடியைப் பற்றி நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் சிறிது நின்று எண்ணவேண்டும். அதனை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராட்டிரர். மேற்குத் திசையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியவர்கள். வந்த இடத்தில் தம் தொழிலை விடாது போற்றினர். வீட்டில் தம் மொழியையும் விடவில்லை. அவர்கள் முடிச்சிட்டுச் சாயமேற்றிய துணி மதுரையின் பெயரையே பெற்றது. புலம்பெயர்ந்தவர் தம் மரபைப் பெட்டியில் பூட்டாமல் தெருவுக்குக் கொண்டுவந்தால் என்ன நிகழும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். மூன்றையும் நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

முதலாவது, வசதி. "மின்தொடரில் நெருக்கடியில் ஏறுகிற பெண் பதினாறு முழம் சுற்றிக்கொள்ள முடியுமா?" என்பர். அலுவலகம் செல்லும் பெண் அன்றாடம் பின்கொசுவம் வைக்கவேண்டும் என்று யாரும் கூறவில்லை. சுடிதாரோ காற்சட்டையோ அவள் விரும்பியது அவளுக்குரியது. ஆனால் வசதி என்ற சொல்லைச் சற்று நிதானித்துப் பயன்படுத்துவோம். இந்நகரத்துக் கோலிப் பெண்கள் ஒன்பது கஜத்தைக் கச்சமாக உடுத்தி, தலையில் மீன்கூடையுடன் இதே மின்தொடரில் பல்லாண்டுகளாக ஏறி இறங்குகின்றனர். வழுக்கும் பட்டை ஏழெட்டு ஊசிகளால் குத்தி நிறுத்தி, ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்தபடி விழா மண்டபப் படிகளில் ஏறுபவர்கள் நாம்தாம். எது வசதி?

இரண்டாவது, ஒற்றுமை. "எல்லாரும் ஒருபடியாக உடுத்தினால் நாம் இந்தியர் என்ற உணர்வு வளரும்" என்பர். குடிப்பாடவா நாளில் கிர்காவ் வீதிகளில் மராட்டியப் பெண்கள் ஒன்பது கஜப் புடவையில் விசையுந்து ஓட்டி ஊர்வலம் வருவதைக் கண்டிருப்பீர்கள். விசயதசமியன்று வங்காளிப் பெண்கள் செங்கரை வெண்புடவையைத் தம் பழைய கட்டில் உடுத்தி வருவதையும் கண்டிருப்பீர்கள். அவர்களால் இந்திய ஒற்றுமைக்கு ஊறு நேர்ந்ததாக யாரும் கூறக் கேட்டதில்லை. அவர்களைக் கண்டு, "எவ்வளவு அழகு!" என்று வியக்கும் நாம், நம் வீட்டுப் பெண் தன் பாட்டியைப் போல் உடுத்தி வந்தால் மட்டும் ஏன் வேடம் என்கிறோம்?

மூன்றாவது மறுப்பு வலியது. நான் தலைவணங்கிக் கேட்கவேண்டியது. "அந்தக் கட்டுகள் சாதியைக் காட்டின. கட்டைக் கண்டே இவள் இன்ன குலத்தவள் என்று ஒதுக்கினர். கைம்பெண்ணை வெள்ளை உடுத்தி மூலையில் அமர்த்தினர். பொதுக்கட்டு வந்தபிறகுதான் அந்த அடையாளம் அழிந்தது. அதை ஏன் மீண்டும் தோண்டுகிறீர்கள்?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

அவர் கூறியது உண்மை. உடுத்தும் முறையில் ஆதிக்கம் எவ்வளவு கொடிதாகப் புகுந்திருந்தது என்பதற்குத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டமே சான்று. நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டனர். 1859-இல் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பித்தபோதும், மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேற்குலப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் பிறப்பித்தது. துணி தந்தவர்கள் கட்டைத் தர மறுத்தார்கள்! இந்த வரலாற்றை அறிந்த எவரும், பழையது என்பதாலேயே ஒரு கட்டைப் புகழ மாட்டார். முன்கொசுவம் விடுதலையாக வந்தது என்று ஒரு பெண் கூறுவாளாயின் அவள் கூற்றை மறுக்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அன்பரை நான் திருப்பிக் கேட்டேன்: அடையாளங்கள் ஒருசேர அழிந்தனவா? மடிசார் இன்றும் திருமணத்தில் உண்டு; அதைச் 'சம்பிரதாயம்' என்று மதிப்போடு அழைக்கிறோம்; அதற்கென ஆயத்தமாகத் தைத்து விற்கும் கடைகளும் உண்டு. நான் அதை எதிர்க்கவில்லை, நீடு வாழட்டும். அதே அளவு பழமையும் அதே அளவு நுட்பமும் உடைய பின்கொசுவத்தை மட்டும் 'கிராமியம்' என்கிறோம்; கும்மிக்கும் கரகத்திற்கும் வாடகைக்கு எடுக்கும் பொருளாக்கிவிட்டோம். ஒன்று சடங்கு, மற்றொன்று வேடம். ஏன் இந்த வேறுபாடு? வயலில் நின்றவள் உடுத்தியது என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? அப்படியானால் பழைய ஏற்றத்தாழ்வு அழிந்துவிடவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு போட்டிப் பட்டியலுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. அதை அழிக்கும் வழி பின்கொசுவத்தைப் புதைப்பதன்று. எக்குலத்தவளும் எக்கட்டையும் விரும்பி உடுத்தலாம், எல்லாம் உடையே என்று அவையில் நிலைநாட்டுவதே. என் அன்பர் விடை கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, "என் தாயாரும் பின்கொசுவந்தான்," என்றார்.

தமிழ்ப் பற்றாளர் சிலர்க்கும் ஒரு சொல். பின்கொசுவத்தைத் தூக்கிப்பிடிக்கும் ஆர்வத்தில், "சங்ககாலத்துத் தமிழ்மகள் இவ்வாறே உடுத்தினாள்" என்று முழங்க வேண்டா. கொய்சகம் என்ற சொல் நம் பழைய நூல்களில் உண்டு. ஆனால் அந்தக் கொய்சகம் முன்னே இருந்ததா, பின்னே இருந்ததா என்பதைச் சொல் தானாகக் கூறிவிடாது. அக்காலத் தமிழர் ஆடையைக் கலிங்கம் என்றும் அழைத்தனர். கலிங்க நாட்டுப் பெயரையே துணிக்குச் சூட்டிய மக்கள் பிறநாட்டு நெசவை வெறுத்தவர்களாக இருந்திருக்க இயலாது. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என ஒருவர் உளர். அறுவை என்பது துணி. துணி விற்றவர் பாட்டும் பாடினார் என்பதே நமக்குப் போதிய பெருமை. ஒன்று நம்முடையது என்பதற்கு அது ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையதாக இருக்கவேண்டியதில்லை. நம் அம்மா உடுத்தினாள், அது போதும்.

செய்யத்தக்கன

ஒரு சொல் வழக்கிறந்தால் அகராதியிலாவது கிடக்கும். ஒரு பாட்டு மறந்தால் ஏட்டிலாவது இருக்கும். ஒரு கட்டு மறந்தால் எங்கே தேடுவது? புடவையை மடித்து வைத்தால் அது நீண்ட துணி மட்டுமே. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை ஆண்டு வைத்தாலும், தன்னை எவ்வாறு உடுத்தினார்கள் என்பதை அது சொல்லாது. அந்த அறிவு பெண்களின் விரல்களில்தான் இருக்கிறது; அவ்விரல்களை உடையவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில் இவ்விழப்பு இருமடங்கு விரைவாக நேர்கிறது. ஊரில் ஒரு பாட்டி மறைந்தால் அடுத்த தெருவில் மற்றொரு பாட்டி இருப்பாள். இங்கே, நான்காம் மாடிக் குடியிருப்பில், ஒரு பாட்டி மறைந்தால் அவ்வளவுதான்.

என் தாயார் 1950-களில் இந்நகருக்கு வந்தார். வந்த சில மாதங்களில், நம்மவர்களே நகைத்தார்கள் என்பதற்காகப் பின்கொசுவத்தை விட்டார். அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் ஒருபோதும் நகைத்ததில்லை என்று பிற்காலத்தில் என்னிடம் கூறியிருக்கிறார். ஊருக்குச் செல்லும்போது மட்டும் பழையபடி உடுத்துவார். தொடர்வண்டி தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டதும் குளியலறை சென்று கட்டை மாற்றிக்கொண்டு வருவார். சிறுமியாக இருந்த நான் அதைக் கண்டு வெட்கப்பட்டிருக்கிறேன். இன்று, அன்று வெட்கப்பட்டதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆகவே நம் சங்கங்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. போட்டி விதிகளில் "மரபுடை" என்ற இடத்தில் ஆறு கஜத்தையும் முன்கொசுவத்தையும் மட்டும் மனத்தில் கொள்ளாதீர்கள். பின்கொசுவத்தை மாறுவேடப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஆண்டுக்கு ஒருநாள், நம் மூத்த பெண்மணிகளை அழைத்து வந்து, அவரவர் ஊரில் உடுத்திய முறையை இளையோர்க்குக் கற்பிக்கச் செய்யுங்கள். கைப்பேசியில் படமெடுத்து, ஊரும் முறையும் குறித்து, சங்க நூலகத்தில் சேர்த்து வையுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பிற்பகல் போதும். இயன்றவர்கள் குடும்பத்திற்கு ஒரு சேலையாவது பதினாறு முழத்தில் நெய்து தரும்படி நெசவாளரிடம் கேளுங்கள். கேட்பவர் இருந்தால் நெய்பவர் இருப்பர். கைத்தறிக்கென்றே சில வகைகளை ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டும் கைத்தறி ஏன் தளர்ந்தது என்று வருந்துகிறோம். சட்டம் விசைத்தறியைத் தடுக்கலாம், நம் மறதியைத் தடுக்குமா?

என் பெயர்த்தியின் கேள்விக்கு அன்று வழியில் நான் விடை கூறவில்லை. இப்போது கூறுகிறேன். இல்லை, கண்ணே. உன் கொள்ளுப்பாட்டி வேடம் போடவில்லை. அவள் உடுத்தினாள். தன்னைப் பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சி அதை மாற்றிக்கொண்ட அன்றுதான் அவள் வேடம் போட நேர்ந்தது. அந்த வேடத்தைக் களைய நாம்தான் அவளுக்கு உதவியிருக்க வேண்டும். அவளுக்குச் செய்யத் தவறியதை உனக்காவது செய்வோம்.